எங்கே என்று கேட்காதவர்

எங்கள் ஸ்டேஷன் மாஸ்டரைத் தோட்டத்தில் எல்லாரும் வெறும் மாஸ்டர் என்றுதான் சொல்வார்கள். அவருக்கும் அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கேட்டு வைத்துக்கொள்ள எனக்கு அப்போது தோன்றவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள். கறுப்புக் கோட்டு ஒன்று போட்டிருப்பார். அதன் கைமுட்டி இரண்டும் வெளுத்துப்போயிருக்கும். காலில் பூட்ஸ். அந்தப் பூட்ஸ் சத்தம்தான் அவர். டக்கு டக்கு என்று ஸ்டேஷனின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போகும், திரும்பி வரும். வெயிலிலும் நடப்பார், மழையில் கூரைக்கடியிலும் நடப்பார். அவர் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

எங்கள் ஸ்டேஷன் மேட்டின்மேல் இருந்தது. தம்பினிலிருந்து மலாக்காவுக்குப் போகிற பாதை அது. எங்கள் தோட்டத்துக்கும் மலாய்க்காரர் குடியிருக்கிற கம்பத்துக்கும் நடுவே ஒரு பெரிய சதுப்பு. மழைக்காலத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அதனால் வெள்ளைக்காரன் மலைபோல மண்ணைக் கொட்டி, மேடு எழுப்பி, அதன் தலையில் தண்டவாளத்தையும் ஸ்டேஷனையும் வைத்துவிட்டான். ஏறிப்போக முப்பத்திரண்டு படி. மேலே நின்றால் தோட்டம் முழுவதும் தெரியும். ஆட்கள் குடியிருக்கிற லயங்கள், ரப்பர்ப் பால் நிறுக்கிற கொட்டகை, பெரிய கங்காணி வீட்டு வாசல், அந்த வாசலில் காய்கிற வற்றல் வரைக்கும் தெரியும். அதேபோல, கீழே எங்கே நின்றாலும் அந்தப் படியில் யார் ஏறுகிறார்கள் என்பதும் தெரியும். மூட்டையோடு ஒருவர் பத்துப் படி ஏறுவதற்குள் பால் கொட்டகையில் பேச்சுக் கிளம்பிவிடும். யாருக்கும் தெரியாமல் எங்கள் தோட்டத்தை விட்டு யாரும் போக முடியாது. மாஸ்டரைப் பற்றிச் சொல்லும்போது இந்தப் படியையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவர் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்க மாட்டார். டிக்கெட் கொடுக்கிற ஆள் அதைக் கேட்காமல் இருக்க முடியுமா என்று இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். எங்கள் ஜனத்தின் வழக்கம் அப்படி. புறப்பட்டு வாசல் தாண்டிவிட்டவரை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டுவிட்டால், திரும்பி வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, புதிதாகப் புறப்பட வேண்டும். அவர்கள் யாழ்ப்பாணத்திலும் அப்படித்தானாம். ஆகையால் அவர் ஒரு வழி வைத்திருந்தார். ஜன்னலுக்கு உள்ளே ஒரு மரச்சட்டம் இருக்கும். ஊருக்கு ஒரு பொந்து, பொந்துக்குள்ளே கெட்டி அட்டை டிக்கெட்டுகள் அடுக்கியிருக்கும். ஆள் வந்து நின்றதும் மாஸ்டர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார். ஆள்காட்டி விரலைச் சட்டத்தின்மேல் வைத்து ஒவ்வொரு பொந்தாகத் தடவிக்கொண்டே ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டு போவார். பத்து பெரண்டாம், மலாக்கா என்று இந்தப் பக்கம் முடித்து, தம்பின், சிரம்பான், கோலாலம்பூர் என்று அந்தப் பக்கம் ஏறுவார். நம் ஊர் வந்ததும் நாம் தலையை ஆட்ட வேண்டும். விரல் அங்கே நிற்கும். டிக்கெட் வெளியே வரும். “போட்டு வாங்கோ” என்பார், போய்விட்டு வாருங்கள் என்று அவர்கள் பேச்சில். ஒரேயடியாக ஊருக்குக் கப்பலேறுகிறவனுக்கும் அதே “போட்டு வாங்கோ” தான்.

என் வீட்டுக்காரரின் சிநேகிதன் ஒருவன், பால்மரம் வெட்டுகிறவன், வாய்த்துடுக்கு. ஒருநாள் வேண்டுமென்றே தலையை ஆட்டாமல் நின்றான். மாஸ்டர் பினாங்கு வரைக்கும் போய், அதற்குமேல் பொந்து இல்லாமல், மறுபடியும் பத்து பெரண்டாமில் ஆரம்பித்தார். இரண்டாம் சுற்றும் முடிந்தது. மூன்றாம் சுற்றில் இவனுக்கே வெட்கம் வந்து, “மலாக்காதாங்க மாஸ்டர்” என்றான். “ஓம். முதலே வந்தது, நீர்தான் நித்திரை” என்று சொல்லி டிக்கெட்டைத் தள்ளினார். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. வெளியே வந்து நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அவருடைய வழக்கத்தின் அருமை அவருக்குக் காய்ச்சல் வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கித்தா விலை, அதுதான் ரப்பர் விலை, விழுந்து, ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த சமயம். மாஸ்டருக்கு மலைக்காய்ச்சல் என்று மலாக்கா ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். மாற்றாக ஒரு சின்ன வயசுக்காரர் வந்தார். தமிழாள்தான், ஆனால் டவுனில் பிறந்து இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர். அந்த வாரம் எங்கள் லயத்திலிருந்து ஒரு குடும்பம் ஊருக்குப் புறப்பட்டது. கிழவர், கிழவி, பிள்ளைகள், மருமகள், பேரன் பேத்தி என்று ஒன்பது உருப்படி. கிழவர் ஜன்னலில் போய் நின்றார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

“எங்க போறீங்க?”

கிழவர் தலையில் அடித்துக்கொண்டார். “கேட்டுட்டான்யா! இறங்குங்க எல்லாரும்.”

ஒன்பது பேரும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முப்பத்திரண்டு படி இறங்கினார்கள். மேட்டின் அடியில் உட்கார்ந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், கிழவி ஒரு வெற்றிலை போட்டாள். மறுபடி ஏறி வந்தபோது வண்டி போய்விட்டது. மறுநாள் அந்தப் பிள்ளை மறுபடியும் அதையே கேட்டது. மறுபடியும் இறங்கினார்கள்.

“ஏன் தம்பி, ஒங்க வீட்டுல பெரியவங்க சொல்லிக் குடுக்கலையா?” என்று கிழவி படியில் நின்று கத்தினாள்.

“கேக்காம எப்படி பாட்டி டிக்கெட் குடுக்கிறது?”

“மாஸ்டர் குடுக்கலையா? அவருக்கு மட்டும் சாமி வந்தா சொல்லுது?”

மூன்று நாள் அந்தக் குடும்பம் மேட்டடியில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கித் தின்றது. தோட்டமே வேடிக்கை பார்த்தது. நான்காம் நாள் மாஸ்டர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இருமிக்கொண்டே ஜன்னலுக்குள் போய் விரலைச் சட்டத்தில் வைத்தார். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. கப்பலேறுகிற பினாங்கு வந்ததும் ஒன்பது பேரும் ஒன்றாகத் தலையை ஆட்டினார்கள்.

இவ்வளவும் சிரிக்கிற கதை. இனிமேல் என் கதை வருகிறது.

எனக்குத் தாய் தகப்பன் இல்லை. தங்கச்சியை நான்தான் வளர்த்தேன். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து, அவளுக்குப் பதினேழு நடக்கும்போது, பெரிய கங்காணியே என் வாசலுக்கு வந்தார். அவருடைய மச்சானுக்குப் பெண் கேட்டார். மச்சானுக்கு முதல் சம்சாரம் இறந்துபோய், தோளுக்கு உயர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் பெரிய கங்காணி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அவர் வரும்போது எங்கள் ஆண்பிள்ளைகள் தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்பார்கள். அவர் என் வாசலில் நின்று, “என்னம்மா சொல்றே?” என்று என்னைக் கேட்டார். அந்தப் பெருமையிலே நான் சரி என்றேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், பெருமையிலேதான் சொன்னேன். தாம்பாளத்தில் பரிசப்புடவை வந்தது. அரக்குச் சிவப்பு, சரிகைக் கரை.

“எனக்கு வேணாங்க்கா” என்றாள் தங்கச்சி.

“நான் வாக்குக் குடுத்தாச்சு.”

“நீ குடுத்தே. நான் குடுத்தேனா?”

“நான் குடுத்தா நீ குடுத்த மாதிரிதான்டி” என்றேன். அவள் எழுந்து வாளியைக் கழுவப் போனாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து அவள் இல்லை. மத்தியானம், பால் நிறுத்துக்கொண்டிருந்த நேரம். பால் வெட்டுகிற அழுக்குப் பாவாடையோடு, தலையில் துணி கட்டி, கையில் வாளியோடு படியேறியிருக்கிறாள். தண்டவாளத்தில் வேலை செய்கிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போகிறாள் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். மூட்டை இல்லை. மாற்றுத் துணிகூட எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பார்த்து வைத்த நேரமும் கெட்டிக்கார நேரம். மத்தியானத்தில்தான் இரண்டு பக்கத்து வண்டியும் எங்கள் ஸ்டேஷனில் வந்து ஒன்றுக்கொன்று வழிவிடும். மலாக்கா வண்டியில் ஏறினாளா, தம்பின் வண்டியில் ஏறினாளா என்று கீழே இருந்த யாராலும் சொல்ல முடியவில்லை. மேலே இருந்தவர் மாஸ்டர் ஒருவர்தான்.

பெரிய கங்காணி தன் ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். நானும் போனேன். மாஸ்டர் நடந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தார். எங்கள் வாளி. கழுவி வைத்திருந்தார்.

“உங்கடை வாளி, பிள்ளை” என்றார்.

“வாளி கெடக்கட்டும். எந்த ஊருக்கு டிக்கெட் குடுத்தீரு?” என்றார் கங்காணி.

“நான் ஒருத்தரையும் எங்கையெண்டு கேக்கிறேல்லை. உங்களுக்கே தெரியும்.”

“கேக்கலைன்னா? டிக்கெட் ஒம்ம கையாலதானேய்யா போச்சு?”

“ஓம், என்ரை கையாலைதான் போச்சு.”

“அப்ப சொல்லும்.”

“சொல்லமாட்டன்.”

கங்காணியிடம் யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “தொரைகிட்ட ஒரு வார்த்தை சொன்னா நீர் இங்க நிக்க முடியுமா?” என்றார்.

“தோட்டம் துரையின்ரை. ரயில் துரையின்ரை இல்லை” என்று சொல்லிவிட்டு மாஸ்டர் திரும்பி நடக்க ஆரம்பித்தார். டக்கு டக்கு டக்கு. கங்காணி அவருக்குப் பின்னாலேயே பேசிக்கொண்டு நடந்தார். இவர் கோடியில் போய்த் திரும்புவார், அவரும் திரும்புவார். இரண்டு மூன்று நடை அப்படிப் போய் வந்தபிறகு கங்காணிக்கு மூச்சு வாங்கியது. கீழே இறங்கிவிட்டார். இறங்கும்போது என்னைப் பார்த்து, “வாக்குக் குடுத்தவ நீதான், ஞாபகம் இருக்கட்டும்” என்றார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நான் ஸ்டேஷனுக்குப் போனேன். வேலை இல்லாத நாள். தனியாகத்தான் போவேன். கெஞ்ச எனக்கு வராது, இன்றைக்கும் வராது. “எந்த ஊருன்னு சொல்லுங்க மாஸ்டர், எனக்குச் சொல்ல வேண்டியது ஒங்க கடமை” என்றுதான் கேட்பேன். அவர் நடப்பார். நானும் பக்கத்தில் நடப்பேன். ஒரு வாரம் கோபமாகக் கேட்டேன். ஒரு வாரம், அவள் சாப்பிட்டாளோ இல்லையோ என்று கேட்டேன். ஒரு வாரம் ஒன்றும் பேசாமல் அவரோடு சேர்ந்து நடந்துவிட்டு வந்தேன். தோட்டத்தில் என்னைக் கேலி செய்தார்கள்.

“டேசனுக்குக் காவல் வேலைக்குச் சேந்துட்டாளா ஒன் பொண்டாட்டி?” என்று என் வீட்டுக்காரரைக் கேட்டான் அந்த வாய்த்துடுக்குக்காரன்.

“நடந்தா ஒடம்புக்கு நல்லதுலா” என்றார் இவர். அதற்குமேல் பேசுகிற மனுஷன் இல்லை.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, மாஸ்டர் நடையை நிறுத்தினார். மேட்டின் ஓரத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டே பேசினார்.

“இஞ்சை வர முதல் நான் வேறை ஒரு ஸ்டேஷனிலை இருந்தனான். அங்கையும் ஒரு பிள்ளை இப்படித்தான் போட்டுது. புருஷன் வீட்டிலை அடி. ரெண்டாம் நாள் மாமியார் வந்து அழுதா. அந்த அழுகையைப் பாத்து நான் ஊரைச் சொல்லிப்போட்டன்.”

“அப்புறம்?”

“புருஷன் வீட்டுக்காரர் அடுத்த வண்டியிலை போச்சினம். அதுக்கு அடுத்த வண்டியிலை கூட்டிக்கொண்டு வந்திட்டினம். வாறவையிட்டை டிக்கெட் வாங்கிறதும் நான்தானே? அந்தப் பிள்ளை இறங்கி வந்து டிக்கெட்டை என்ரை கையிலை தந்தது. என்னை ஒருக்காப் பாத்திட்டுப் போட்டுது.”

அவ்வளவுதான் சொன்னார். பூட்ஸ் சத்தம் மறுபடியும் ஆரம்பித்தது. எனக்குக் கோபம் அடங்கவில்லை. நான் என்ன அந்த மாமியாரா, நான் வளர்த்தவள் அல்லவா என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினேன்.

அந்த வாரம் பெரிய கங்காணி வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். மச்சான் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இன்னும் நான்கைந்து ஆண்பிள்ளைகள் இருந்தார்கள்.

“எப்ப வருவா ஒன் தங்கச்சி?” என்றார்.

“தேடிக்கிட்டுத்தாங்க இருக்கேன்.”

“மெதுவா வரட்டும். வந்ததும் ஒரு காலை ஒடிச்சு மூலையில போட்டுட்டா அப்புறம் படியேற மாட்டா.”

எல்லாரும் சிரித்தார்கள். பெரிய கங்காணி சிரித்தார். நானும் சிரித்தேன். யாரும் என்னைச் சிரிக்கச் சொல்லவில்லை. பெரிய இடத்தில் எல்லாரும் சிரிக்கும்போது வாய் தானாகக் கூடச் சிரித்துவிட்டது. பாதி வழி வந்தபிறகுதான் எதற்குச் சிரித்தேன் என்று எனக்கு உறைத்தது. மரத்தடியில் நின்றுவிட்டேன். அவள் நான்கு வயசில், வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயாக்கொட்டகையில் விழுந்து வலது முட்டியை உடைத்துக்கொண்டவள். மூன்று மாதம் அவளை நான் முதுகில் தூக்கித் திரிந்தேன். அந்தக் காலைத்தான் அவர் சொன்னார். அதற்குத்தான் நான் சிரித்தேன். வாய்க்குள் அந்தச் சிரிப்பே கிடந்து புளித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு அந்தச் சிவப்புப் புடவையைத் தாம்பாளத்தில் வைத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வச்சிட்டு வந்துட்டா நம்மைச் சும்மா விடமாட்டாங்க” என்றார்.

“தெரியும்.”

“சரி” என்றார்.

கங்காணி வீட்டு வாசலில் தாம்பாளத்தை வைத்தேன். கங்காணி உள்ளேயிருந்து வந்தார்.

“என்ன இது?”

“நான் குடுத்த வாக்கு என்னோடதுங்க. என் தங்கச்சியோடது இல்லை. எடுத்துக்குங்க.”

“யாருகிட்டப் பேசுறோம்னு தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரிஞ்சுதாங்க” என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அந்த வாசலுக்கு நிமிர்ந்த தலையோடு நான் போனதும் வந்ததும் அந்த ஒரு நாள்தான். வீட்டுக்கு வந்து தங்கச்சியின் இரண்டு பாவாடை, இரண்டு ரவிக்கை, எங்கள் அம்மாவின் சீப்பு, எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டினேன்.

“நான் கெளம்புறேன்” என்றேன்.

“போயிட்டு வா” என்றார் இவர். எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல எனக்கு ஊர் இல்லை. எந்த ஊர் என்று தெரியாமலே மூட்டையைக் கட்டிக்கொண்டு முப்பத்திரண்டு படியையும் ஏறினேன். கீழே பால் கொட்டகைப் பக்கம் ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். நன்றாகப் பார்க்கட்டும் என்று நடுப்படியில் நின்று மூட்டையை இடுப்பிலிருந்து தலைக்கு மாற்றி வைத்துக்கொண்டேன்.

ஜன்னலில் போய் நின்றேன். மாஸ்டர் உள்ளே இருந்தார். விரலைச் சட்டத்தில் வைக்கவில்லை. ஊர்ப் பெயர் சொல்லவில்லை. ஜன்னல் பலகையில் ஒரு டிக்கெட் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தது.

“நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே மாஸ்டர்” என்றேன்.

“ஓம், நீ சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை.”

“பின்னே?”

“காலமை ஒரு பிள்ளை தட்டோடை அந்த வாசலுக்குப் போச்சு. வரேக்கை தட்டு இல்லை. இதிலை நிண்டா எல்லாம் தெரியுமெல்லே” என்றார்.

டிக்கெட்டைக் கையில் எடுத்தேன். அதில் என்னவோ அச்சடித்திருந்தது. எனக்கு அது எறும்பு வரிசை மாதிரி.

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே. எங்க எறங்குறது?”

மாஸ்டர் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். நான்கு விரலை விரித்துக் காட்டினார். ஏற வேண்டிய வண்டி எதுவென்று தலையால் காட்டினார். அப்போதும் ஊர்ப் பெயர் அவர் வாயிலிருந்து வரவில்லை.

வண்டி ஒவ்வொரு இடத்தில் நிற்கும்போதும் ஒரு விரலை மடக்கிக்கொண்டேன். விரலை விட்டுவிட்டால் கணக்குப் போய்விடும் என்று மடக்கிய விரலை மற்றக் கையால் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த ஒரு சீனத்தி என் கையில் அடிபட்டுவிட்டது என்று நினைத்து, சாக்கிட் சாக்கிட், வலிக்கிறதா என்று கேட்டு, தைலம் எடுத்துக் கொடுத்தாள். நான்காவது விரல் மடங்கியதும் இறங்கினேன்.

அந்த ஊரில் தமிழாட்கள் இருக்கிற தெருவைக் கேட்டுப் போனேன். புதிதாக வந்த பெண், வலது காலைச் சற்று அழுத்தி நடப்பவள் என்றதும் ஒருவர் கை காட்டினார். ஒரு முஸ்லிம் அம்மா கடைகளுக்குக் கறித்தூள் இடித்துக் கொடுக்கிற வீடு. வாசலுக்கு வரும்போதே மிளகாய் நெடி. தங்கச்சி உலக்கையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். பார்த்ததும் உலக்கையை விடவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள். என்னைப் பார்த்துப் பயந்தாள். நான் வளர்த்த பிள்ளை என்னைப் பார்த்துப் பயந்து நின்றது.

“பின்னால யாரு வர்றாங்க?” என்றாள்.

“யாரும் வரலை.”

“பொய் சொல்லாதே.”

நான் மூட்டையைக் கீழே வைத்து அவிழ்த்தேன். அவளுடைய பாவாடைகளையும் சீப்பையும் எடுத்து வைத்தேன். “சேப்புப் புடவையைத் திருப்பிக் குடுத்துட்டேன்டி” என்றேன். அப்புறம்தான் உலக்கை கீழே விழுந்தது.

அந்த முஸ்லிம் அம்மா எட்டிப் பார்த்து, “அக்காவா? வந்தவங்களுக்கு முதல்ல தண்ணி குடு புள்ள. மொளகா நெடியில நிக்க வச்சு அழ விட்டா, அழுகையா நெடியான்னு யாருக்குத் தெரியும்?” என்றார்.

இரண்டு நாள் இருந்தேன். தங்கச்சிக்கு அந்த வேலை பிடித்திருந்தது. கூட வரச் சொல்லி நான் கேட்கவில்லை. பிற்காலத்தில் அவள் அந்த ஊரிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். நான்கு எழுத்துப் படிக்கக் கற்றுக்கொண்டு, எனக்கும் சொல்லிக் கொடுத்தாள். அவள் முதலில் எழுதிக் காட்டியது அந்த ஊரின் பெயர். அதை எழுத எனக்கு நன்றாகத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.

புடவையைத் திருப்பிக் கொடுத்ததற்கு எங்களுக்குக் கிடைத்ததும் கிடைத்தது. நல்ல மரங்களிலிருந்து எங்களை எடுத்து, அட்டை கடிக்கிற பள்ளத்து நிரையில் போட்டார் கங்காணி. ஒரு வருஷம் அங்கே கிடந்துவிட்டு வேறு தோட்டம் பார்த்துக்கொண்டோம். காலில் அட்டைத் தழும்பு இன்னும் இருக்கிறது. அதைப்பற்றி எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

நான் சொல்ல வந்தது, திரும்பி வந்த அந்த மூன்றாம் நாள். வண்டி மேட்டில் வந்து நின்றது. இறங்கியவள் நான் ஒருத்திதான். மாஸ்டர் பச்சைக்கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரே வந்தார். கையை நீட்டினார். நான் டிக்கெட்டை அந்தக் கையில் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார். வண்டியின் ஒவ்வொரு கதவாக, முன்பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் பார்த்தார். சட்டத்தில் விரல் போகிற மாதிரியே அவர் கண் ஒவ்வொன்றாகப் போயிற்று. வேறு யாரும் இறங்கவில்லை.

“ஒருத்தரும் வரேல்லையோ?” என்றார்.

“இல்லைங்க மாஸ்டர். நான் மட்டுந்தான்.”

கொடியை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. கடைசிப் பெட்டியும் போய், தண்டவாளம் வெறுமையாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சுவரோரம் இருந்த பெஞ்சுக்குப் போனார். பிரயாணிகள் உட்கார்வதற்காகப் போட்டிருந்த பெஞ்சு. கோட்டைச் சற்று ஒதுக்கிக்கொண்டு, மெல்ல, அதில் உட்கார்ந்தார்.

நான் முப்பத்திரண்டு படி இறங்கி லயத்துக்குப் போகும் வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டே போனேன். பூட்ஸ் சத்தம் கேட்கவில்லை.